ஐந்தாம் மாதச் சந்தனம்

ஜூலை 10, திங்கள்

இந்த டைரி எங்கள் பிரஸ்ஸில் கழித்துப் போட்டது. சில பக்கங்களில் நீல மை ஒரு மயிரிழை தள்ளி விழுந்துவிட்டதாம், கட்டோடு ஒதுக்கிவிட்டார்கள். சிவகாசியில் தினசரி காலண்டருக்கு லேஅவுட் போடுகிறவள் காசு கொடுத்து டைரி வாங்கியதாகச் சரித்திரம் கிடையாது. எழுதியதாகவும் கிடையாது. இன்றைக்கு எழுதத் தோன்றுகிறது, எழுதுகிறேன்.

காலையில் செக்கப். மூன்று மாதம் தாண்டிவிட்டது. போன முறை இந்த இடம் வரைக்கும் வரவே இல்லை. டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்துப் பாப்பாவின் இதயத் துடிப்பைக் கேட்கவைத்தார். எங்கள் மெஷின் முழு வேகத்தில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவு சின்ன உயிருக்கு அப்படி என்ன அவசரமோ. என் வீட்டுக்காரர் காளிராஜ் வாயைத் திறந்தபடி நின்றார். நான் சிரித்தேன், அப்புறம் அழுதேன்.

கிளம்பும்போது டாக்டரம்மா என்னை உற்றுப் பார்த்தார். "கொஞ்சம் தலையைத் தூக்குங்க. எச்சில் முழுங்குங்க. இன்னொரு தடவை." மூன்று தடவை முழுங்கவைத்தார். கழுத்தில் வலது பக்கம் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி இருக்கிறதாம். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் இவர் சொன்ன முதல் வார்த்தை, "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்." அத்தைக்குப் பி.பி. உண்டு. போன முறை கலைந்தபோது என்னைவிட அத்தைதான் அதிகம் உடைந்துபோனார். சரி என்றேன்.

ஜூலை 17, திங்கள்

மதுரை. வீட்டில் "ஸ்பெஷல் ஸ்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தோம். பொய் இல்லை, எங்கே ஸ்கேன் என்றுதான் சொல்லவில்லை.

கழுத்தில் ஜெல் தடவினார்கள். வயிற்றில் தடவிய அதே ஜெல், அதே குளிர்ச்சி. ஸ்கேன் டாக்டர் திரையை என் பக்கம் திருப்பி வைத்தார். "இது மூச்சுக்குழாய். ரெண்டு பக்கமும் சாய்ஞ்சு கிடக்கே, அதான் தைராய்டு. இங்க துடிக்குது பாருங்க, மூளைக்கு ரத்தம் கொண்டுபோற குழாய்." கறுப்பாக ஒரு வட்டம் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. முப்பத்தொரு வருடமாக நான் அடித்த வம்பு, போட்ட சண்டை, தின்ற சேவு எல்லாம் இந்த இரண்டங்குல இடத்தின் வழியாகத்தானா போயின, வந்தன! கழுத்து என்றால் சங்கிலி போடுகிற இடம் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தக் கட்டியைக் காட்டினார். ஓரம் சுத்தமாக இல்லை. உள்ளே பொடி உப்பு மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது. ஓரம் மசங்கினால் நல்லதில்லை என்று எனக்கே தெரியும், என் தொழிலே அதுதான். ஊசி குத்தித் திசு எடுத்தார்கள். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது.

வயிற்றில் ஒன்று, கழுத்தில் ஒன்று. ஒன்று வளர வேண்டும், இன்னொன்று வளரக் கூடாது. இரண்டுமே என்னைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. பஸ்ஸில் வரும்போது இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

கழுத்தில் ஒட்டிய பிளாஸ்திரியை அத்தை பார்த்தார். கொசுக்கடி என்றேன். "மதுரைக் கொசு பிளாஸ்திரி போடுற அளவுக்கா கடிக்குது?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

ஜூலை 24, திங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. சர்ஜன் டாக்டர் ரெஜினா அவசரப்படாமல் பேசுகிறவர். நாற்காலியை இழுத்து எங்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"புற்றுநோயா இருக்கலாம்னு சந்தேகம். உறுதின்னு வரலை, ஆனா சந்தேகம் வலுவா இருக்கு. பயப்படாதீங்க, இந்த வகை பெரும்பாலும் மெதுவாத்தான் வளரும். ரெண்டு வழி இருக்கு. பிரசவம் வரைக்கும் ஸ்கேன் பண்ணிக் கண்காணிச்சிட்டு, குழந்தை பிறந்ததும் எடுக்கலாம். இல்லைன்னா நடு மாசத்துல, ஆறாம் மாசம் முடியறதுக்குள்ள எடுக்கலாம். ஆபரேஷனுக்கு அதுதான் பத்திரமான நேரம்."

"எடுத்துருவோம் டாக்டர்," என்றார் இவர். பேச்சு முடிவதற்குள் சொல்லிவிட்டார். கழுத்து யாருடையது என்று கேட்கலாமா என்று இருந்தது.

நான் கேட்டது வேறு. "மயக்க மருந்துல பாப்பாவுக்கு ஏதாவது ஆகுமா?"

"பெரும்பாலும் ஆகாது. ஆகவே ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். குரலுக்குப் போற நரம்பு அந்தக் கட்டிக்குப் பின்னாலதான் ஓடுது. நூல் மாதிரி இருக்கும். ஜாக்கிரதையாத்தான் செய்வோம். ஆனாலும் சிலருக்குக் குரல் மாறிடும்."

அப்புறம் அவர் சொன்ன ஒரு விஷயத்தில்தான் என் மனசு மாட்டிக்கொண்டது. பாப்பாவுக்கு மூளை வளரத் தைராய்டு சுரப்பு வேண்டுமாம். ஆனால் அதன் சொந்தச் சுரப்பி இன்னும் சரியாக வேலைக்கு இறங்கவில்லையாம். அதுவரைக்கும் என்னுடையதிலிருந்துதான் போகிறதாம். சந்தேகப் பேர் வாங்கிக்கொண்டு என் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறதே, இதுதான் என் பிள்ளைக்கு மூளை கட்டிக்கொண்டிருக்கிறது. நான் காலண்டரில் ராகுகாலம் ஒட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில், சத்தமே இல்லாமல். ரோமம் சிலிர்த்துவிட்டது.

கண்காணிப்போம் என்று சொல்லிவிட்டேன். ஆகஸ்ட் கடைசியில் மறுபடி ஸ்கேன். நடுவில் குரல் கம்மினாலோ முழுங்கச் சிரமமாக இருந்தாலோ உடனே வரச் சொன்னார் டாக்டர்.

விருதுநகர் தாண்டியதும் இவர், "எனக்கு நீ வேணும் மாரி," என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அப்போ பாப்பா வேண்டாமா என்று கேட்டேன். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. பிரஸ்ஸில் பூஜை போட்டு அடுத்த வருட காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தை வெளியிட்டார்கள். சர்க்கரைப் பொங்கல் நன்றாக இருந்தது, இரண்டு தொன்னை சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 9, புதன்

தொண்டை கரகரப்பு. ஏசியைக் கூட்டி வைக்காதீர்கள் என்றால் யார் கேட்கிறார்கள்.

ஆகஸ்ட் 14, திங்கள்

ஜனவரித் தாள்களுக்குப் புரூஃப் பார்த்தேன். பொங்கலை ஒட்டித்தான் எனக்குப் பிரசவத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அந்த வாரத்துத் தாள்களை ஒவ்வொன்றாகத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். இதில் ஏதோ ஒரு தாளைக் கிழிக்கிற அன்றைக்கு, இப்போது உலகத்தில் இல்லாத ஒரு ஆள் இருக்கும். அதன் நட்சத்திரம்கூட என் கையால் அச்சுக்குப் போய்விடும். எட்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன், ஒரு தாளைப் பார்த்து இப்படி உட்கார்ந்ததில்லை.

டிசம்பர் வரை முழுதாக முடித்துக்கொடுத்துவிட்டேன். அவசரம் ஒன்றுமில்லை என்று மேனேஜர் சொன்னார். எனக்குத்தான் முடித்துவிட வேண்டும் போலிருந்தது.

அத்தைக்குக் கைப்பக்குவம் போய்விட்டது. ஒரு வாரமாகச் சோறு குழைந்து கூழாக வருகிறது. இவர் தட்டைப் பார்த்து முகம் சுளித்தார். எனக்கு எப்படி இருந்தாலும் இறங்குகிறது.

ஆகஸ்ட் 19, சனி

மத்தியானம் படுத்திருந்தேன். தொப்புளுக்குக் கீழே உள்ளிருந்து யாரோ விரலால் லேசாகச் சுண்டினார்கள். வாயு என்று நினைத்தேன். மறுபடியும் ஒன்று. வாயு இல்லை.

எழுந்திருக்காமல், மூச்சுக்கூடப் பெரிதாக விடாமல் அப்படியே கிடந்தேன். சாமி கும்பிடும்போதுகூட நான் இப்படி இருந்ததில்லை. கண்ணைத் திறந்தால் வாசலில் அத்தை நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

பிரஸ் கேன்டீனில் சப்பாத்தி தொண்டையில் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்ததும் இறங்கியது. மாவு சரியாகப் பிசையவில்லை.

ஆகஸ்ட் 28, திங்கள்

ஒரே நாளில் இரண்டு ஸ்கேன்.

முதலில் வயிறு. இதயத்தில் நாலு அறை இருக்கிறது என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் காட்டினார். கதவு திறந்து மூடுவதுகூடத் தெரிந்தது. முதுகெலும்பு ஜிப் மாதிரி வரிசையாக இருந்தது. பாதத்தைக் காட்டியபோது பாப்பா அதை இழுத்துக்கொண்டது, கூச்சப்பட்டதோ என்னவோ. ஒரு மனுஷன் முழுதாக உள்ளே தயாராகிக்கொண்டிருக்கிறான், அல்லது தயாராகிக்கொண்டிருக்கிறாள். நான் செய்தது வேளாவேளைக்குச் சாப்பிட்டது மட்டும்தான். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் கையைப் பிடித்தார், நானும் பிடித்துக்கொண்டேன்.

பிறகு கழுத்து. ஸ்கேன் டாக்டர் இந்த முறை திரையைத் திருப்பவில்லை.

கட்டி வளர்ந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு நெறிகட்டியும் சந்தேகமாக இருக்கிறது.

டாக்டர் ரெஜினா கேட்டார், "முழுங்கறதுல சிரமம் ஏதாவது?"

"இல்ல டாக்டர்."

"குரல்?"

"ஏசியில உக்கார்றேன்ல, அதான்," என்றேன். "மூணு வாரமா இப்படித்தான் கரகரன்னு பேசுறா டாக்டர்," என்றார் இவர். நான் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார்.

"போன மாசம் கண்காணிக்கலாம்னு நானும் சொன்னேன். இன்னைக்குக் கேட்டீங்கன்னா, ஆபரேஷன் பக்கம்தான் சொல்வேன். முடிவு உங்களோடதுதான். ஆனா பத்து நாளுக்குள்ள சொல்லணும். அதுக்கப்புறம் பிரசவம் வரைக்கும் காத்திருக்கத்தான் வேண்டியிருக்கும். அந்த நாலு மாசத்துல இது எங்கெல்லாம் போகும்னு எனக்குத் தெரியாது."

காத்திருக்கிறேன் என்று சொன்னேன். பத்து நாள் முழுக்க யோசிக்கச் சொல்லி அனுப்பினார்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இந்தச் சுரப்பி தரவில்லை என்றால் என் பிள்ளைக்கு யார் தருவார்கள்? அதுவுமில்லாமல் அத்தைக்குத் தெரிந்தால் வீடு ரெண்டுபடும். நான் மாசமானதிலிருந்து வீட்டில் பூசணிக்காய் வெட்டக் கூடாது, தேங்காய் உடைக்கக் கூடாது. இவர் முடிவெட்டக் கூடாது, சவரம் செய்யக் கூடாது. ஆளைப் பார்த்தால் சாமியார் மாதிரி இருக்கிறார். அப்படிப்பட்ட அத்தையிடம் போய் மருமகள் கழுத்தில் கத்தி வைக்கப் போகிறோம் என்று யார் சொல்வது? ஆக, காத்திருப்பதுதான் சரி.

செப்டம்பர் 1, வெள்ளி

இன்று எனக்கு ஐந்தாம் மாதப் பூமுடிப்பு. ஆடி கழியட்டும் என்று அத்தை காத்திருந்து வைத்த நாள். நல்ல நேரம் எது என்று என்னிடமே கேட்டார்கள், என்னவோ நானே நேரத்தை உண்டாக்குகிறவள் மாதிரி.

சடங்கில் சந்தனம் பூசுவார்கள் என்பது தெரியும். கன்னம், கை, கழுத்து. கழுத்து என்பது நேற்றைக்குத்தான் உறைத்தது. இவரிடம் சொன்னேன், வெளிறிப்போனார். கழுத்து மூடின ரவிக்கை போட்டேன். மாலையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, தாடையைக் குனிந்து வைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தேன். பார்க்கிறவர்களுக்கு அடக்க ஒடுக்கமாகத் தெரிந்திருக்கும். எங்கள் தெருவே அதிசயப்பட்டது.

ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொரு கையும் குளிர்ந்த சந்தனத்தோடு கழுத்துக்கு வரும்போது மூச்சை நிறுத்திக்கொண்டேன். எல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விட்டன. அத்தையின் தங்கை, திருத்தங்கல் சின்னத்தை மட்டும் ஒரு நொடி நிறுத்தி, "கழுத்தெல்லாம் பூரிச்சிருக்கே, பொம்பளப் பிள்ளதான்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அத்தை அடுக்களை வாசலில் நின்றார். மாமா இறந்ததிலிருந்து சடங்கு எதிலும் முன்னால் வர மாட்டார். மாவு இடித்தது அவர், பூக்கட்டியது அவர், ஐந்து வகைச் சோறு ஆக்கியது அவர். சந்தனம் தொட்டு வைக்க மட்டும் ஆகாதாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு எதுவும் நினைவிருக்காது, கழுத்து உட்பட.

"அத்தை வைக்காம நான் எந்திரிக்க மாட்டேன்."

"ஏத்தா மாரி, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல," என்றார் சின்னத்தை.

"இவங்க கையால சாப்பிட்டுத்தான் எம்பிள்ள வளருது. அதுல இல்லாத முறை இதுல என்ன?"

அத்தை தயங்கித் தயங்கி வந்தார். கன்னத்தில் வைத்தார், கையில் வைத்தார். பிறகு விரலில் சந்தனத்தைத் தொட்டு, என் தாடையை மெல்ல நிமிர்த்தி, மாலையை ஒதுக்கினார். அந்த விரல் தேடவில்லை, வழுக்கவில்லை. நேராகக் கட்டியின் மேல் வந்து நின்றது. அங்கே வட்டமாகப் பூசிவிட்டு, மறுபடியும் சந்தனம் எடுத்து, மறுபடியும் அதே இடத்தில் பூசினார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு அடுக்களையில் பாத்திரம் ஒதுக்கும்போது அத்தையிடம் கேட்டேன். "எப்ப தெரியும் அத்த?"

"நீ இட்லிக்கு ரெண்டு செம்பு தண்ணி குடிச்சப்பவே. அதான் சோத்தைக் குழைய வடிச்சேன். பெறகு மத்தியானம் நீ படுத்திருக்கும்போது பார்த்தேன், கட்டி எடுப்பாத் தெரிஞ்சது. காளிராஜைக் கேக்கவே வேண்டாம், அவன் மூஞ்சியிலயே எல்லாம் ஓடும்."

இந்த அத்தையைத்தான் கைப்பக்குவம் போய்விட்டது என்று எழுதிவைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் கேட்டதையும், நான் மறைத்ததையும்.

"அறுத்து எடுக்கணும்ங்கிறாங்கத்த. நீங்கதான் கத்தியே ஆகாதுன்னு..."

"வீட்டுல பூசணிக்காய் வெட்டக் கூடாதுன்னேன். உன்னயக் காப்பாத்தக் கூடாதுன்னா சொன்னேன்?" கையில் கரண்டி இருந்தது, அதை ஆட்டி ஆட்டிப் பேசினார். "இந்த வீட்டுக்கு முதல்ல வந்தவ நீ. அது பின்னாடி வருது. வரட்டும், நல்லா வரட்டும். ஆனா வரிசைப்படிதான் பார்ப்பேன்."

எனக்கு அம்மா இல்லை. அத்தையின் தோளில் சாய்ந்து சத்தம் போட்டு அழுதேன். சாக விருப்பமில்லை என்று சொன்னேன். அதுவரை அதை எனக்கே நான் சொன்னதில்லை.

செப்டம்பர் 4, திங்கள்

மூன்று பேரும் மதுரை போனோம். டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன், சப்பாத்தி முதற்கொண்டு. அவர் திட்டவில்லை, குறித்துக்கொண்டார்.

நான் பயந்த கேள்வியைக் கேட்டேன். "இந்தத் தைராய்டை முழுசா எடுத்துட்டா பாப்பாவுக்கு யாரு டாக்டர் குடுப்பா?"

"அதுக்குன்னு மாத்திரை இருக்கு. தினமும் காலைல வெறும் வயித்துல ஒண்ணு, ஆயுசு முழுக்க. உங்க மூலமா அதுக்கும் போகும். இன்னொண்ணு தெரியுமா? இந்த வாரக் கணக்குக்குப் பாப்பாவோட சொந்தச் சுரப்பியே வேலையை ஆரம்பிச்சிருக்கும்."

"அதுக்குள்ளயா?"

"அதுக்குள்ளயேதான்."

அவ்வளவு சின்னக் கழுத்துக்குள் அதை விடச் சின்னதாக ஒன்று. யாரும் சுவிட்ச் போடாமல், ஒரு நாள் தானாகச் சுரக்க ஆரம்பித்திருக்கிறது. அது எந்த நாள்? நான் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்த நாளா, இவரோடு சண்டை போட்ட நாளா? எந்தக் காலண்டரிலும் இல்லாத விசேஷம் என் வயிற்றுக்குள் நடந்து முடிந்திருக்கிறது. உட்கார்ந்த இடத்திலேயே வயிற்றைப் பார்த்துக் கும்பிட்டேன். டாக்டர் சிரித்தார். சிரிக்கட்டும்.

ஆபரேஷன் வெள்ளிக்கிழமை. நான்தான் சொன்னேன். இவர் சொல்லவில்லை, அத்தையும் சொல்லவில்லை.

செப்டம்பர் 7, வியாழன்

ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டேன். பயமாக இருக்கிறது. சாயந்திரம் முழுக்கப் பாப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தேன், மேனேஜரைப் பற்றிய வம்புதான். நாளைக்கு அப்புறம் இந்தக் குரல் இருக்குமா தெரியாது.

செப்டம்பர் 9, சனி

எழுத முடிகிறது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை, டைரியை உயரத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நேற்று கண் விழித்ததும் நர்ஸ் முதலில் வயிற்றில் கருவியை வைத்தார். துடிப்பு கேட்டது. அவ்வளவுதான், மறுபடி தூங்கிவிட்டேன். இடையிடையே விழிப்பு வந்தது. இவர் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினேன். அசதி. பேச அசதியாக இருந்தது. நர்ஸ் பேசச் சொன்னபோதும் கண்ணை மூடிக்கொண்டேன்.

இன்று காலை டாக்டர் ரெஜினா வந்தார். ஆபரேஷன் நடக்கும்போதே பரிசோதித்ததில், கட்டி புற்றுநோய்தானாம். நெறிகட்டியிலும் கொஞ்சம் இருந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்ததை முழுக்க எடுத்தாகிவிட்டது, இனி மாத்திரையும் கண்காணிப்பும், மீதியைப் பிரசவத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். "உங்க குரல் நரம்பைப் பார்த்தேன்," என்றும் சொன்னார். "கட்டியோட ஒட்டிக்கிட்டுத்தான் இருந்தது. பொறுமையாப் பிரிச்சு அப்படியே விட்டிருக்கேன்."

நான் பேசுகிற பேச்சு ஓடுகிற நூலை ஒரு மனுஷி கண்ணால் பார்த்திருக்கிறார். நான் என்றைக்கும் பார்க்கப் போவதில்லை. அவர் கைகளைப் பார்த்தேன், சாதாரணக் கைகள்தான். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தார்.

"பேசுங்க. உங்க பேர் சொல்லுங்க."

இந்த முறை கண்ணை மூடிக்கொள்ள வழியில்லை. இவர் சுவரோடு ஒட்டி நின்றார். அத்தை கட்டிலில் உட்கார்ந்து என் வயிற்றில் கை வைத்திருந்தார். நேற்றிலிருந்து உள்ளே அசைவே இல்லை. மயக்க மருந்து தெளிய நேரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் அத்தை கையை எடுக்கவில்லை.

வாயைத் திறந்தேன். முதலில் காற்றுதான் வந்தது. எச்சில் முழுங்கினேன், வலித்தது.

"மாரீஸ்வரி."

கரகரவென்றுதான் இருந்தது. ஆனால் நான்தான்.

உள்ளேயிருந்து ஓங்கி ஒரு உதை. இதுவரைக்கும் எனக்கு மட்டும் தெரிந்துகொண்டிருந்தது, இந்த முறை அத்தையின் கையே மேலே எழும்பி அடங்கியது. அத்தை கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கேட்டுருச்சுத்தா," என்றார். "அதுக்குக் கேட்டுருச்சு. இன்னொருக்கச் சொல்லு."

சொன்னேன்.